155ஆம் கட்டையிலிருந்து கட்டுகஸ்தோட்டை வரை



கிளிநொச்சிப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு 155ஆம் கட்டை என்றால் விளக்கம் தேவையில்லை. பஸ் நடத்துனர் அந்த இலக்கத்தைச் சொல்லியே ஆட்களை இறக்குவார். 2012 முதல் 2015 வரை மீள்குடியேற்ற வேலைக்காக நான் அங்கே தங்கியிருந்தபோது, இந்த 155 மைல் எங்கிருந்து எண்ணப்பட்டது என்று பலரிடம் கேட்டிருக்கிறேன். யாழ்ப்பாணத்திலிருந்து என்றார்கள் சிலர். கொழும்பிலிருந்து என்றார்கள் வேறு சிலர். உண்மையில் அது கண்டியிலிருந்து எண்ணப்பட்டது. ஏ9 வீதி கண்டியில் தொடங்கி, மகாவலி கங்கையைக் கடந்து, அக்குறணை, மாத்தளை, தம்புள்ளை, மதவாச்சி, வவுனியா என்று ஏறி யாழ்ப்பாணம் வரை போகிறது. அந்த வீதி மகாவலியைக் கடக்கும் இடம்தான் எங்கள் ஊரான கட்டுகஸ்தோட்டை. கண்டி நகரிலிருந்து ஏறத்தாழ நான்கு கிலோமீற்றர் தூரம்.

பெயரைக் கேட்டதும் தோட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். 'தொட்ட' என்றால் சிங்களத்தில் ஆற்றுத்துறை. முள்மரங்கள் நின்ற துறை என்று பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மா விளக்கம் சொல்வார்.

நீங்கள் குண்டும் குழியுமாக, சோதனைச்சாவடிகளுமாகக் கண்ட அதே வீதியின் மற்ற முனையில்தான் நான் பிறந்து வளர்ந்தேன். 2002இல் அது திறந்ததும் 2006 ஆகஸ்டில் மீண்டும் மூடியதும் உங்களுக்கு வாழ்க்கை. எங்களுக்கு அது வானொலிச் செய்தி. அந்த வித்தியாசத்தை நான் கிளிநொச்சிக்குப் போன பிறகுதான் விளங்கிக்கொண்டேன்.

அங்கே நான் பழகிய ஒரு மாதர் சங்கத்தில் பதினொரு பேர். அநேகமானவை பெண் தலைமைத்துவக் குடும்பங்கள். நான் ஊர் திரும்பிய பிறகும் தொலைபேசியில் கதைத்துக்கொள்வோம். 2023 வைகாசியில் ஒரு நாள் அவர்களில் ஒருவர் எனக்கு ஒரு படம் அனுப்பினார். அவருடைய தங்கை இத்தாலியில், பலெர்மோ நகரில் இருக்கிறார். அங்கே எங்கள் தமிழ்ச் சனம் கணிசமாக வாழ்கிறது. பெல்லெகிரினோ என்ற மலையில் சாந்த ரொசலியா என்ற புனிதையின் கோயில் இருக்கிறது. கத்தோலிக்கர் மட்டுமல்ல, சைவத் தமிழரும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அந்த மலைக்கு ஏறிப் போவார்கள். தங்கையின் பிள்ளைகள் மலையடிவாரத்தில் சைக்கிளோடு நின்று சிரிக்கும் படம் அது. படத்தின் கீழே அக்கா குரலில் பேசி அனுப்பியிருந்தார்: "பாத்தியே பிள்ளை, உலகமெல்லாம் சனம் பிள்ளையளோட மலைக்குப் போகுது. என்ர பெடியள் முறிகண்டிக்கு அங்கால ஒண்டும் காணேல்லை."

"அப்ப வாங்களேன் அக்கா, எங்க ஊர் முழுக்க மலைதான்" என்றேன். விளையாட்டாகச் சொன்னதுதான். அடுத்த கூட்டத்தில் அதை அவர்கள் நிகழ்ச்சிநிரலில் போட்டுவிட்டார்கள்.

காசுப் பிரச்சினையை அவர்கள் தாங்களே தீர்த்தார்கள். ஒரு பால்மா ரின்னில் துளை போட்டு, மாதம் ஒருவருக்கு 1000 ரூபா. நுண்கடன் கட்டிக்கொண்டிருந்த இரண்டு பேருக்கு மட்டும் 500. ஆனியில் தொடங்கிப் பங்குனி வரை பத்து மாதம், மொத்தம் 100,000 ரூபா. சீட்டு என்று பெயர் வைக்கவில்லை. சீட்டு என்றால் இடையில் யாராவது அவசரத்துக்குக் கேட்பார்கள், மறுக்க முடியாது என்று தலைவி சொன்னார். "இது சுற்றுலா ரின். செத்தவீட்டுக்கும் திறக்கமாட்டன்" என்றாராம்.

கடினமாக இருந்தது காசு அல்ல. ஊர் வாய்.

பதினொரு பேரில் ஒருவர், நாங்கள் எல்லோரும் பரந்தன் அம்மா என்று கூப்பிடுபவர், காணாமல் ஆக்கப்பட்ட மகனைத் தேடுகிறவர். 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சியில் தொடங்கிய தொடர் போராட்டத்தில் முதல் நாளிலிருந்து இருந்தவர். அவரிடம் உறவினர் ஒருவர், "பிள்ளையைத் தேடுறன் எண்டு றோட்டில இருக்கிற உனக்குக் கண்டியில என்ன கொண்டாட்டம்?" என்று கேட்டிருக்கிறார். வேறொரு அக்காவிடம் மாமியார், "அவன் இருந்திருந்தா நீ இப்பிடித் திரிவியே?" என்றாராம். இதைக் கேட்டபோது எனக்குக் கோபம் வந்தது. ஆனால் பரந்தன் அம்மா கோபப்படவில்லை. அவர் என்னிடம் கேட்டது வேறு: "படம் எடுத்து முகப்புத்தகத்தில போடுவியளோ? நான் சிரிக்கிற படம் வெளியில போனா, இவவுக்கு மகன்ர கவலை இல்லை எண்டு சொல்லுவினம் பிள்ளை. நாளைக்கு அதைக் கொண்டு வந்து காட்டுவினம்." அவருடைய பயம் வீண் பயம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. எந்தப் படமும் வெளியே போகாது என்று எல்லோரும் சேர்ந்து முடிவெடுத்தோம். நானே படம் எடுக்கிறேன், நான் படத்தில் வேண்டாம் என்றார் அவர்.

நாள் குறிக்கும்போது ஒரு விடயம் பார்த்தோம். ஆடி, ஆவணியில் கண்டியில் எசல பெரஹரா. அந்த நாட்களில் அறை கிடைப்பதும் கஷ்டம், கிடைத்தாலும் வாடகை பல மடங்கு. ஆகவே 2024 சித்திரைப் புத்தாண்டுக்கு அடுத்த வாரம், பாடசாலை தொடங்குமுன், மூன்று நாட்கள் என்று முடிவு. சித்திரையில் கண்டியில் பின்னேரங்களில் மழை பெய்யும். காலையில் வெளியே போய்ப் பின்னேரம் திரும்புவது நல்லது. பஸ் கட்டணம், நுழைவுச்சீட்டு விலை எதையும் நான் இங்கே எழுதவில்லை. இதழ் உங்கள் கைக்கு வருமுன் மாறிவிடும்.

தங்குமிடம் பார்த்தது நான். கண்டியில் ஒரு விடுதியில் தொலைபேசியில் சிங்களத்தில் பேசி, நான்கு அறைகளுக்குச் சம்மதம் வாங்கினேன். அடையாள அட்டைப் பிரதிகளை அனுப்பச் சொன்னார்கள். அனுப்பினேன். மறுநாள் அழைப்பு வந்தது. அறைகளைத் திருத்துகிறார்களாம். அதே வாரத்துக்கு என் சிங்களத் தோழி ஒருத்தியை விட்டுக் கேட்டேன். அறை இருந்தது. இதை நான் கிளிநொச்சிக்குச் சொல்லவில்லை. அவர்கள் இந்த இதழில்தான் முதல் தடவை வாசிக்கப்போகிறார்கள். மன்னியுங்கள், அக்காமாரே.

அன்றிரவு எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் முஸ்லிம் குடும்பத்துத் தாத்தாவிடம் இதைச் சொல்லி அழுதேன். (எங்கள் பக்கத்தில் முஸ்லிம் அக்காமாரைத் தாத்தா என்றுதான் கூப்பிடுவோம். வன்னியிலிருந்து வந்தவர்கள் இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள். "எங்க உங்கட தாத்தா?" என்று தாடிக்கிழவரைத் தேடினார்கள்.) தாத்தா யோசிக்கவேயில்லை. "எங்கட மேல்மாடி மகள்ட கலியாணத்துக்குப் பிறகு சும்மாதானே கிடக்குது. பாய் போட்டா இருபத்தஞ்சு பேர் படுக்கலாம். கேஸுக்கும் கரண்டுக்கும் மட்டும் தாங்க, போதும்" என்றார்.

பதினொரு பெண்கள், பதினான்கு பிள்ளைகள். காலை ஐந்து மணிக்குக் கிளிநொச்சியில் ஏறி, முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, ஏறத்தாழ ஏழு மணித்தியாலம். விடுமுறைக் கூட்டம் என்பதால் இரண்டு பஸ்களாகப் பிரிந்து வந்தார்கள். ஓமந்தையைக் கடக்கும்போது பஸ் நிற்காமல் போனதைப் பெரியவர்கள் எல்லோரும் கவனித்திருக்கிறார்கள். அந்தச் சோதனைச்சாவடி 2015இல் மூடப்பட்டது. பிள்ளைகளுக்கு அது ஒரு ஊர்ப் பெயர் மட்டும்.

இனி என் தவறைச் சொல்கிறேன். மறுநாள் காலை முதலாவதாகத் தலதா மாளிகை என்று போட்டிருந்தேன். கண்டிக்கு வருகிறவர்கள் எல்லோரும் போகும் இடம், 1988 முதல் உலக மரபுரிமை நகரின் நடு இடம் என்று நினைத்தேனே தவிர, வாசலில் என்ன நடக்கும் என்று நினைக்கவில்லை. அங்கே உள்ளே போகிற எல்லோரையும் உடல் தடவிச் சோதிப்பார்கள். பெண்களுக்குத் தனி மறைப்பு, பெண் அலுவலர். 1998 ஜனவரி 25 அதிகாலை வாசலில் குண்டு லொறி வெடித்துப் பலர் இறந்த இடம் அது. புலிகளின் தாக்குதல். எனக்கு அப்போது பத்து வயது. நான்கு கிலோமீற்றருக்கு இப்பால் எங்கள் வீட்டு யன்னல் அதிர்ந்தது. அதன் பிறகு பல மாதங்கள் அம்மா பொட்டை அழித்துவிட்டுத்தான் சந்தைக்குப் போவார். ஆகவே சோதனை எனக்குப் பழகிப்போன விடயம்.

வரிசையில் நின்ற மூதூர் அக்கா அந்த மறைப்புத் துணியைக் கண்டதும் நின்றுவிட்டார். கை நடுங்கியது. 2009இல் முகாமுக்குப் போகும் வழியில் அவருக்கு என்ன நடந்தது என்பது எனக்குத் தெரியும். உளவளத்துணைப் பயிற்சி பெற்ற நான் அதை மறந்துபோய் அவரை அந்த வாசலுக்குக் கூட்டிவந்திருக்கிறேன். "நான் வெளியில நிக்கிறன். நீங்கள் போட்டு வாங்கோ" என்றார். மற்றவர்களைத் தலைவியோடு உள்ளே அனுப்பிவிட்டு, நானும் பரந்தன் அம்மாவும் இன்னொரு அக்காவும் அவரோடு நின்றோம்.

சும்மா நிற்க மனமில்லாமல் வீதிப் பக்கமாக நடந்தோம். கொஞ்சத் தூரத்தில் பத்தினி தேவாலயம். கூரை தாழ்ந்த, சின்னக் கோயில். மாளிகையின் பக்கத்தில் யாரும் அதைப் பெரிதாகக் கவனிப்பதில்லை. இது யாருடைய கோயில் என்று மூதூர் அக்கா கேட்டார். "கண்ணகி" என்றேன். கண்ணகியைத்தான் சிங்கள மக்கள் பத்தினித் தெய்வமாகக் கும்பிடுகிறார்கள். பெரஹராவில் இந்தக் கோயிலுக்கென்று தனி ஊர்வலமும் உண்டு.

"எங்கட வற்றாப்பளை அம்மனோ?"

"அவதான் அக்கா."

அவர்கள் மூவரும் ஒன்றும் பேசவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்கள். கைக்குழந்தையோடு ஒரு சிங்களத் தாய் பூத்தட்டு வைத்துக்கொண்டிருந்தார். இவர்களுடைய கையில் பூ இல்லாததைக் கண்டு தன் தட்டிலிருந்து தாமரையை எடுத்து ஆளுக்கு ஒன்று கொடுத்தார். பூசாரி ஏதோ சிங்களத்தில் சொன்னார். நான் மொழிபெயர்க்கப் போனேன். பரந்தன் அம்மா கையால் என்னைத் தடுத்தார். வெளியே வந்து படியில் நெடுநேரம் இருந்தார்கள். வைகாசிப் பொங்கலைப் பற்றி, உப்புநீரில் விளக்கெரிப்பதைப் பற்றி, இடம்பெயர்ந்த வருடம் பொங்கல் இல்லாமல் போனதைப் பற்றிக் கதைத்தார்கள். மூதூர் அக்காவின் கை நடுக்கம் நின்றிருந்தது.

ஆகவே, யாராவது கண்டிக்குப் போகத் திட்டமிட்டால், உடுப்பு, மருந்து, அடையாள அட்டை இவற்றோடு எந்த வாசலில் சோதனை இருக்கும் என்பதையும் முதலே எல்லோருக்கும் சொல்லுங்கள். தெரிந்துகொண்டு போவது வேறு, திடீரென்று காண்பது வேறு. போக விரும்பாதவர் ஏன் என்று விளக்கம் சொல்ல வேண்டியதில்லை என்றும் சொல்லிவிடுங்கள். தோளும் முழங்காலும் மூடிய உடுப்பு அவசியம். "கீயத?" என்றால் எவ்வளவு, "வெசிகிலிய கொஹேத?" என்றால் கழிவறை எங்கே. இந்த இரண்டையும் ஒரு துண்டில் எழுதிப் பிள்ளைகளின் கையில் கொடுத்திருந்தேன். இரண்டாவதுதான் அதிகம் பயன்பட்டது.

கண்டி வாவியைச் சுற்றி நடந்தபோது ஒரு பெடியன், "இது குளமோ?" என்று கேட்டான். இரணைமடுவைக் கண்டவனுக்கு இது குட்டைதான். 1807 அளவில் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் கட்டுவித்தது. தென்னிந்திய நாயக்கர் வழி வந்தவன், பிறந்த பெயர் கண்ணுசாமி. 1815இல் ஆங்கிலேயர் பிடித்து வேலூருக்குக் கொண்டுபோனார்கள், அங்கேயே 1832இல் இறந்தான். வாவியைவிட ஐஸ்கிறீம்தான் பெடியனுக்கு முக்கியமாக இருந்தது.

மத்தியானம் பேராதனைத் தாவரவியல் பூங்கா. 147 ஏக்கர். மூன்று பக்கமும் மகாவலி வளைந்து ஓடும். 1821இல் இன்றைய வடிவில் தொடங்கப்பட்டது. வரிசையாக நிற்கும் அரசப் பனைகள், மரத்தில் பழம்போலத் தொங்கும் வௌவால்கள், ஆற்றின்மேல் ஆடும் தொங்குபாலம் என்று நான் விளக்கிக்கொண்டே போனேன். பெரிய புல்வெளியில் குடைபோல் பரந்து நிற்கும் ஆலினத்து மரம் ஒன்று உண்டு. அதன் அருகே வந்ததும் தலைவி சேலைத் தலைப்பை விரித்துப் படுத்துவிட்டார். "நீ பெடியளுக்குக் காட்டு பிள்ளை. எங்களுக்கு இது காணும்." ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் படுத்தார்கள். பத்து நிமிடத்தில் ஏழு பேர் நல்ல நித்திரை.

அந்தப் பூங்காவுக்கு எதிரே இருக்கும் பல்கலைக்கழகத்தில்தான் நான் சமூகவியல் படித்தேன். ஓய்வு நேரமும் பால்நிலையும் என்று ஒரு கட்டுரை எழுதி நல்ல புள்ளியும் எடுத்தேன். பகலில், வெட்டவெளியில், யாருக்கும் சமைக்க வேண்டாம் என்று தெரிந்துகொண்டு படுத்துறங்கும் பெண்களை அந்தக் கட்டுரை எழுதும்போது நான் கண்டிருக்கவில்லை. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தொங்குபாலத்துக்குப் போனேன். திரும்பி வந்தபோதும் அவர்கள் எழும்பவில்லை.

மூன்றாம் நாள் ரயில். கண்டியிலிருந்து மாத்தளைக்கு 1880இல் போட்ட பாதை. சின்ன ரயில், குறைந்த கட்டணம், கூட்டமும் குறைவு. நகரை விட்டதும் மகியாவைச் சுரங்கம். இருட்டானதும் பிள்ளைகள் கூக்குரலிட்டுக் கொண்டாடினார்கள். பெரியவர்களிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. வெளிச்சம் வந்ததும் பக்கத்தில் இருந்த அக்கா, "பங்கர் மாதிரி" என்று மட்டும் சொன்னார். பிறகு கட்டுகஸ்தோட்டையில் மகாவலிப் பாலம். மூதூர் அக்கா யன்னலால் எட்டிப் பார்த்து, "இது எந்த ஆறு?" என்றார். மகாவலி, 335 கிலோமீற்றர், இலங்கையின் மிக நீண்ட ஆறு, கடைசியில் கொட்டியாரக் குடாவில் கடலோடு சேருகிறது என்றேன். "எங்கட ஊர் ஆறெல்லோ!" என்று கத்தினார். மூதூரில் பிறந்து, வன்னியில் கலியாணம் முடித்து, பத்துத் தடவைக்கு மேல் இடம்பெயர்ந்தவர். இரண்டு பெட்டிக்குக் கேட்கும்படி, "இது எங்கட ஊருக்குப் போற தண்ணி" என்று எல்லோருக்கும் சொன்னார். எல்லாத் தண்ணீரும் போவதில்லை, பொல்கொல்லையில் 1976இல் கட்டிய அணையில் ஒரு பகுதியைச் சுரங்கம் வழியாக வடக்கே உலர்வலயத்துக்குத் திருப்புகிறார்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.

மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலைப் பற்றி உங்களில் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். மாசி மகத்துக்கு ஐந்து தேர் ஓடும். 1983 கலவரத்தில் சேதமாக்கப்பட்டு, மீண்டும் எழுந்த கோயில். மலையகத் தோட்டங்களின் தொழிலாளர் வியர்வை அதில் இருக்கிறது. அங்கே வரிசையில் நின்ற தோட்டத்துப் பெண்களும் எங்கள் வன்னிப் பெண்களும் ஒருவர் தமிழை ஒருவர் விளங்கிக்கொள்ளக் கொஞ்சம் சிரமப்பட்டார்கள். சம்பளத்தைப் பற்றிக் கதைக்கத் தொடங்கியதும் அந்தச் சிரமம் போய்விட்டது.

அன்று பின்னேரம் மழை இல்லை. தாத்தா வீட்டுப் பெடியன் சைக்கிளைக் கழுவிக்கொண்டிருந்தான். வந்த நாளிலிருந்து இவர்களுக்கு ஒரு வியப்பு: "இஞ்ச பொம்பிளையள் ஒருத்தரும் சைக்கிள் ஓடினமில்லை?" மலைநாட்டில் சைக்கிள் எதற்கு, ஏற முடியாது. எனக்கே ஓடத் தெரியாது. வன்னியிலோ சைக்கிள் ஓடத் தெரியாத பெண்ணைக் காண்பது அரிது. விறகு, தண்ணீர், அரிசி மூடை, வருத்தக்காரர், கடைசியில் இடப்பெயர்வில் வீடு முழுவதும் சைக்கிளில்தான் போனது. ஆற்றோரமாக மேடில்லாத ஒரு துண்டு வீதி இருக்கிறது என்று பெடியன் சொன்னான். முதலில் ஏறியவர், பலெர்மோவில் தங்கை உள்ள அக்கா. சேலையைச் சொருகிக்கொண்டு போய் ஒரு வட்டம் அடித்தார். பிறகு ஒவ்வொருவராக. தாத்தா வாசலில் கதிரை போட்டிருந்து கை தட்டினார்.

பரந்தன் அம்மா கமெராவோடு நின்றார். "நீங்களும் ஓடுங்களேன் அம்மா" என்றேன்.

"கடைசியா ஓடினது மாத்தளனுக்கு. பின்னால அவன் இருந்தவன்" என்றார். சிறிது நேரம் கழித்துத் தொலைபேசியை என் கையில் தந்துவிட்டு ஏறினார். அதிக தூரம் போகவில்லை. வளைவு வரை போய்த் திரும்பினார். நான் படம் எடுக்கவில்லை.

மறுநாள் காலை அவர்கள் ஊர் திரும்பியபோது ரின்னில் 6,250 ரூபா மிச்சம். அதை முதலாக வைத்து அடுத்த பயணத்துக்குச் சேர்க்கத் தொடங்கினார்கள். நுவரெலியா என்று பிள்ளைகள் முடிவு செய்திருந்தார்கள். 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் வந்தது. கண்டி மாவட்டத்தில் மண்சரிவுகளில் பலர் இறந்தார்கள். மலைநாட்டு ரயில் பாதைகள் பல இடங்களில் உடைந்தன. (இனிப் போகிறவர்கள் ரயில் ஓடுகிறதா, வீதி திறந்திருக்கிறதா என்று விசாரித்துவிட்டுப் புறப்படுங்கள்.) ஆற்றுத் தண்ணீர் தாத்தா வீட்டின் கீழ்த்தளத்துக்குள் ஏறிவிட்டது. அடுப்பு, அரிசி, பெடியனின் சைக்கிள் எல்லாம் சேறு. கிளிநொச்சியிலும் வெள்ளம்தான். ஆனாலும் தொலைபேசி வேலை செய்த முதல் நாளே தலைவி எடுத்தார்.

"தாத்தா எப்பிடி இருக்கிறா?"

சொன்னேன்.

"ரின்னைத் திறந்திட்டம் பிள்ளை. உன்ர கணக்குக்குப் போடுறம், அவவிட்டக் குடு. நுவரெலியா எங்க ஓடப்போகுது?"